பூசையில் இருக்கும் புத்தகங்கள்

நான் நூலக அறிவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை ஒரே ஒரு ஆளுக்குக்கூட நான் புத்தகம் எடுத்துக் கொடுத்ததில்லை. தேதி முத்திரை வைத்திருக்கிறேன், மைத்திண்டு வைத்திருக்கிறேன். திண்டு காய்ந்தால் மறுபடி மை ஊற்றுவேன். நான் பார்த்த நூலக வேலை அவ்வளவுதான்.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது. எங்கள் நூலகத்துப் புத்தகங்கள் அத்தனையும் பூசையில் இருக்கின்றன.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைத்தால் அன்றைக்கு முழுக்க அதைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூசை போட்டு, ஒன்றை எடுத்து நாலு வரி படித்துவிட்டால் பூசை முடிந்தது. வீட்டுக்கு வீடு நடக்கிறதுதான். கல்லூரியை ஆரம்பித்த பெரியவரும் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் செய்தார். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் தன் கையாலேயே சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்து, ஹாலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஐந்தருவி பக்கம் இருக்கிற தன்னுடைய லாட்ஜுக்குப் போய்ப் படுத்தார். விடிவதற்குள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறுபூசை நின்றுபோனது. வீட்டில் தீட்டு. தீட்டு கழிந்த பிறகாவது எடுத்திருக்கலாம். ஆனால் பெரியவரின் மகன் குற்றாலிங்கம் அண்ணாச்சி, ஜோசியரிடம் போய்க் கேட்டார். எதையும் நேரே செய்கிற குடும்பம் இல்லை அது. ஜோசியர், "வச்ச கைதான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டார். வைத்த கை எரிந்து சாம்பலாகி சிற்றாற்றில் கரைந்தாயிற்று. அதோடு விட்டதா? மூடுகிற நிலையில் கிடந்த கல்லூரிக்கு அடுத்த வருடம் அட்மிஷன் குவிந்தது. எல்லாம் பூசையின் மகிமை என்று அண்ணாச்சி முடிவு கட்டினார். அலமாரிகளைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார். அன்றிலிருந்து அவர்தான் கல்லூரியின் செயலாளர், கயிறுதான் நூலகத்தின் சட்டம்.

புத்தகம் வாங்குவது மட்டும் நிற்கவில்லை. பல்கலைக்கழக விதிப்படி வருடா வருடம் வாங்க வேண்டும், இல்லையா? அண்ணாச்சி கடைக்குப் போய்த் தடிமனாகப் பார்த்து எடுப்பார். தட்டு சீக்கிரம் நிறையும் என்பது அவர் கணக்கு. வந்த புத்தகத்துக்குச் சந்தனம் தொட்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீளமான கம்பியால் தள்ளிவிடுவார். அவ்வளவுதான், அதுவும் பூசையில் சேர்ந்துவிடும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாலு பெஞ்சு, இரண்டு தினசரி, பெரியவரின் மாலை போட்ட படம், நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுவது நூலகரின் கடமை என்று என் நியமன உத்தரவில் எழுதியிருக்கிறது.

இந்த வருடம் கல்லூரிக்கு மேல்படிப்பு ஆரம்பிக்க ஆசை வந்தது. அதற்குத் தர மதிப்பீட்டுக் குழு வந்து பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"சங்கரேஸ்வரி, நீங்க டெம்பரவரிதான், தெரியும்லா? குழுவோட ரிப்போர்ட் வரட்டும். நூலகத்துக்கு மார்க்கு வந்தா பெர்மனென்ட்டு. வரலைன்னா இந்த ஹால முறைப்படி பூசை ரூமாவே ஆக்கிருவோம். பூசை ரூமுக்கு எதுக்கும்மா நூலகர்?"

"அண்ணாச்சி, ஒரு புத்தகங்கூட வெளிய போகலைன்னா எப்படி மார்க்கு போடுவாங்க?"

"அத நீங்கதான் பாக்கணும். படிச்சவிய நீங்கதான்."

வேலை போனால் இந்த வட்டாரத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடைதான் கதி. அதைவிட வேறொன்று என்னை அரித்தது. ஒரு புத்தகம்கூடக் கொடுக்காமலே நூலகர் வேலையிலிருந்து போன பெண் என்று நான் ஆகிவிடக் கூடாது. ஒன்றே ஒன்று கொடுத்துவிட்டால் போதும், பிறகு துரத்தட்டும் என்று இருந்தது.

முதல்வர் ஹரிஹரசுப்பிரமணியன் ஆய்க்குடிக்காரர். அரசுக் கல்லூரியில் ஓய்வு பெற்று வந்தவர். எதைக் கேட்டாலும், "சாஸ்திரத்துல இதுக்கு இடம் இருக்கு" என்று ஆரம்பிப்பார். புத்தகத்தை எடுக்கவும் இடம் இருக்கும், எடுக்காமல் இருக்கவும் இடம் இருக்கும். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். துறைக்கு ஒரு ஆசிரியர் வந்து, புத்தகத் தொகுப்பைத் தொடாமல் மதிப்பிட வேண்டும்.

வந்தார்கள். இயற்பியல் சுடலைராஜ், பாடம் நடத்துகிற லேசர் விளக்கைக் கொண்டுவந்து ஒவ்வொரு முதுகின் மேலும் சிவப்புப் புள்ளி வைத்துப் பார்த்தார். பாதிப் புத்தகங்களுக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருப்பதால் முதுகில் பெயரே கிடையாது. "பொருளடக்கம் ஆழமானது" என்று எழுதிக் கொடுத்தார். வணிகவியல்காரர் ஒரு தட்டின் நீளத்தைக் கண்ணால் அளந்து, சராசரித் தடிமன் திருப்திகரம் என்றார். தாவரவியல் அம்மா, மூக்கைக் கயிற்றுக்கு அருகே கொண்டுபோய் மூச்சை இழுத்துவிட்டு, நல்ல தொகுப்பு, ஆனால் கொஞ்சம் ஈரம் என்றார். சாரல் நேரத்தில் இந்த ஊரில் எதுதான் ஈரமில்லை? பூச்சிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்தப் புத்தகங்களுக்குள் போய் வருகிற வாசகர்கள் அவை மட்டும்தான்.

அடுத்து முதல்வருக்கு இன்னொரு யோசனை. ஆங்கிலம் இரண்டாமாண்டு படிக்கிற அதீபாவைக் கூப்பிட்டனுப்பினார். கடையநல்லூர்ப் பெண், வாப்பா துபாயில். கல்லூரியில் நூலகம் நூலகம் என்று என்னைப் பிடுங்கி எடுக்கிற ஒரே பிள்ளை அவள்தான்.

"இதோ பாரும்மா, இந்தப் பூசை எங்களைத்தான் கட்டும், உன்னைக் கட்டாது. சாஸ்திரத்துல இதுக்கு இடம் இருக்கு. நீ தாராளமா எடுத்துப் படி. நூலகத்துக்குப் பயன்பாடு இருக்குன்னு காட்டிடலாம்" என்றார்.

முத்திரையை மையில் ஒற்றி எடுத்தே விட்டேன். ஆனால் அதீபா கயிற்றையும் பார்த்தாள், பெஞ்சில் இருந்த தன் தோழி முத்துசெல்வியையும் பார்த்தாள்.

"வேண்டாம் சார். எல்லாரும் சாமியா வச்சிருக்கத நான் மட்டும் எடுத்துட்டுப் போயி படிச்சா நல்லாவா இருக்கும்? எல்லாருக்கும் குடுக்கும்போது எனக்கும் குடுங்க."

"ஏட்டி, நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன், எடுட்டி. பெறவு எனக்குப் படிச்சுக் காட்டு" என்றாள் முத்துசெல்வி.

"நீ சும்மா இரு" என்றுவிட்டாள் அதீபா. அந்தப் பிள்ளையின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மரியாதை தெரிந்த பிள்ளைகளால் என் வேலைதான் போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்தது நான். ஐந்தருவி கடைகளில் பிள்ளைகளுக்கு விற்கிற ரோஸ் கலர் பிளாஸ்டிக் பைனாகுலர் ஒன்றை வாங்கிவந்து, பெஞ்சின் மேல் ஏறி நின்று, தட்டு தட்டாகப் பார்க்க ஆரம்பித்தேன். முதுகலைப் படிப்பில் தொகுப்பு மதிப்பீடு என்று ஒரு தாளே உண்டு. பைனாகுலரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சல்தான். கல்லூரி ஆரம்பித்தபோது செங்கோட்டையில் மூடப்பட்ட ஒரு வாடகை நூலகத்தின் சரக்கை அப்படியே எடைக்கு வாங்கிப் போட்டிருக்கிறார் பெரியவர். சமையல், கைரேகை, கோழி வளர்ப்பு. வேதியியலுக்கு ஒதுக்கிய தட்டு முழுக்க மர்ம நாவல். அதில் ஒரு துப்பறியும் வரிசை மட்டும் முதுகில் பெரிய சிவப்பு எண்ணோடு இருந்தது. ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது. எட்டு, ஆறின் மேல் சாய்ந்து கிடந்தது.

"என்ன மேடம், ஏழக் காணுமா?" கீழே பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த அதீபா கேட்டாள்.

"செங்கோட்டையில இருந்து வரும்போதே இல்லாம இருந்திருக்கும்."

"இல்லாம வந்துருந்தா எட்ட நேரா நிமித்தி வச்சுல்லா சந்தனம் வச்சிருப்பாரு பெரியவரு? இது வச்ச பெறவு உருவுன மாதிரில்லா இருக்கு."

எனக்கு அப்போது அது மண்டையில் ஏறவில்லை. ஏழாம் எண் இல்லாமல் வேதியியல் தட்டு எப்படி முழுமை பெறும் என்கிற கவலையில் இருந்தேன்.

குழு வருகிற தேதி முடிவாயிற்று. எல்லாக் குழுக்களும் எங்கள் ஊருக்கு மட்டும் ஆடி மாதத்தில்தான் வரும். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிற மாதம் பார்த்துத் தரம் மதிப்பிட வருவார்கள். தலைவி சென்னையிலிருந்து வருகிற டாக்டர் சாவித்ரி, கூட இரண்டு பேராசிரியர்கள். அண்ணாச்சியின் லாட்ஜில் ரூம் ஏற்பாடு. புத்தகம் கொடுக்காத நூலகருக்கு நேரம் இருக்கும் என்று மூன்று நாளைக்கு முன்பே என்னைத்தான் மேற்பார்வைக்கு அனுப்பினார்கள்.

போனால், லாட்ஜில் ஈ நுழைய இடமில்லை. தலைவிக்கு ஒதுக்கிய ரூமில் அண்ணாச்சியின் மச்சினர், போலீஸ் அதிகாரி, குடும்பத்தோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை யார் எழுப்புவது? அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். மீதியிருந்தது ஒரே ரூம், மாடியில் கடைசி. பெரியவர் செத்த ரூம். அதையும் அன்றைக்குப் பூட்டிய அண்ணாச்சி பிறகு திறக்கவே இல்லை. பூட்டிவிட்டு மறந்துபோகிற கலையில் அண்ணாச்சிக்கு நிகர் அண்ணாச்சிதான்.

திறந்தோம். ஒரு கட்டில், ஜன்னலுக்கு வெளியே அருவிச் சத்தம், ஆணியில் ஒரு பழைய ரெக்சின் பை. அண்ணாச்சி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அப்பா கடைசியா கொண்டுவந்த பைம்மா. இதத் தொறக்க எனக்கு மனசு வரல. நீங்க எடுத்து அந்தப் பக்கம் வைங்க."

எடுத்தேன். ஜிப்பு நைந்து போயிருந்தது. உள்ளிருந்து ஒரு துண்டு, வெற்றிலைப் பெட்டி, மூக்குக் கண்ணாடி, பின்னாலேயே ஒரு சின்னப் புத்தகம் சரிந்து விழுந்தது. முதுகில் சிவப்பு எண். ஏழு. அதன் மேல் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம்.

அதீபா சொன்னது சரி. சந்தனம் வைத்த பிறகு உருவியிருக்கிறார். சாவி அவர் இடுப்பில்தானே இருந்தது? ஊரே பூசை என்று தொடாமல் இருக்க, வைத்த மனுஷர் கொலைக் கதையைப் பையில் போட்டுக்கொண்டு போய் லாட்ஜில் படுத்துப் படித்திருக்கிறார்.

"அண்ணாச்சி, வச்ச கைதான் எடுக்கணும்னு சொன்னீயல்லா? வச்ச கை எடுத்துட்டு. படிக்கவும் செஞ்சுட்டு. பூசை அன்னைக்கே முடிஞ்சு போச்சு."

அவர் புத்தகத்தைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளிறிப் போய்விட்டது.

"பூசையில இருந்தத எடுத்துருக்காரு. அதாம்மா அப்பா போயிட்டாரு. சாமி குத்தம்."

நான் இளகிய மனசுக்காரி இல்லை. ஆனால் அத்தனை பெரிய ஆள் அப்படிக் கூனிக்குறுகி உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. முதல்வருக்குப் போன் போட்டேன். "சார், சாஸ்திரத்துல இடம் இருக்கான்னு பாருங்க, சீக்கிரம்" என்றேன். அவர் அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்து, ஸ்பீக்கரில் முழங்கினார்.

"அன்னிக்கு சாயங்காலமே நவமி முடிஞ்சு தசமி வந்தாச்சு! ராத்திரி எடுத்துப் படிச்சா அது விஜயதசமி வாசிப்புத்தான். பெரியவர் சரியான நேரம் பார்த்து எடுத்திருக்கார். ஞானி!"

பெரியவர் எந்த நேரமும் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆறாம் எண்ணை முடித்திருப்பார், ஏழாம் எண்ணுக்கு மனசு அலைந்திருக்கும், அவ்வளவுதான். புத்தக ஆசை அரித்த மனுஷருக்குப் பஞ்சாங்கம் தேவையில்லை. ஆனால் அதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அவர் மூச்சு விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அந்த வருசம் அட்மிஷன் வந்தது?"

"அந்த வருசம் பன்னெண்டாங்கிளாஸ்ல நெறைய பிள்ளைய பாஸ் ஆயிருக்கும் அண்ணாச்சி."

அவர் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கத்தின் மூலை மடித்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய பக்கம்.

"கொலை பண்ணினது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போனாரா?"

"இல்ல அண்ணாச்சி. தூக்கம் வந்திருக்கும். காலையில படிச்சுக்கிடலாம்னு மடிச்சு வச்சிருக்காரு."

அதற்குத்தான் அவர் அழுதார். அப்பா செத்த அன்றைக்குக்கூட இப்படி அழுதிருப்பாரா என்று தெரியாது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி, கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கீழே மச்சினர் எண்ணெய் கேட்டுக் கத்தினார். யாரும் போகவில்லை.

மறுநாள் காலையில் அண்ணாச்சி குளித்துத் திருநீறு பூசி வந்து, ஒரு கத்தரிக்கோலால் மஞ்சள் கயிற்றை அறுத்தார். என் மேசை முன்னால் வந்து நின்று ஏழாம் எண்ணை நீட்டினார்.

"இத நான் எடுத்துட்டுப் போலாமா?"

"உறுப்பினர் அட்டை இருக்கா?" என்று கேட்டேன். இரண்டு வருடமாகக் கேட்கக் காத்திருந்த கேள்வி. இல்லை என்றார். எழுதிக் கொடுத்தேன். முத்திரையைத் திண்டில் ஒற்றி, திருப்பித் தரவேண்டிய தேதியைக் குத்தினேன். தேதி கோணலாக விழுந்தது. விழுந்தால் என்ன? நான் நூலகர். புத்தகம் கொடுத்துவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் நல்ல கதை. நிற்கவில்லை. பன்னிரண்டு வருடம் பூசையிலேயே இருந்த புத்தகம், தலைமாட்டில் வைத்துப் படுத்தாலே பாஸ் என்று எவளோ, முத்துசெல்வி என்றுதான் நினைக்கிறேன், கேன்டீனில் சொல்லிவிட்டாள். மதியத்துக்குள் வரிசை வாசலைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. எந்தப் புத்தகம் என்று ஒருவர் கேட்கவில்லை. "சந்தனம் உதிராம இருக்குற புத்தகமா குடுங்க மேடம்" என்று கேட்டார்கள். மூன்று பாடத்தில் அரியர் வைத்திருந்த பையன், குங்குமம் இரண்டு பொட்டு இருக்கிற கோழி வளர்ப்பை அணைத்துக்கொண்டு போனான். இயற்பியல் சுடலைராஜ், தன் பதவி உயர்வுக்காகக் கைரேகை எடுத்துக்கொண்டார். கல்லூரி பஸ் டிரைவர், பிள்ளை இல்லாத தங்கச்சிக்கு என்று சமையல் கேட்டார். அதீபா மட்டும் பொறுமையாகத் தட்டுத் தட்டாகத் தேடி, ஆங்கில இலக்கணம் ஒன்றை எடுத்துவந்தாள். கூடவே, அண்ணாச்சி திருப்பித் தந்ததும் ஏழாம் எண் தனக்கு வேண்டும் என்று பெயர் கொடுத்தாள். அவளுக்கு அடுத்தபடியாக என் பெயரையும் நானே எழுதிக்கொண்டேன்.

அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் தட்டுகள் காலி. ஒன்றுகூட இல்லை. நான் திண்டுக்கு மை ஊற்றி ஊற்றிக் களைத்துப் போயிருந்தேன். அதற்கு மறுநாள் காலையில் குழு வந்தது.

டாக்டர் சாவித்ரி அருவியில் குளித்த ஈரத் தலையோடு, மடிக்கணினியும் கையுமாக உள்ளே வந்தார். சந்தனப் பொடி சிந்திய வெற்றுத் தட்டுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"புத்தகங்கள் எங்கே?"

"எல்லாம் வெளிய போயிருக்கு மேடம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"ஒரு புத்தகம் கூடவா இல்ல? இந்த மென்பொருள்ல, ஆய்வு நாளன்று தட்டில் கண்ணால் பார்த்த புத்தகங்கள்னு ஒரு கட்டம் இருக்கு. வெளிய போன புத்தகங்களை அதால வகுத்துத்தான் மார்க் வரும்."

கட்டத்தில் பூஜ்யம் போட்டார். மென்பொருள் சிவப்பாகக் கத்தியது. மறுபடி போட்டார், மறுபடி கத்தியது. இரண்டு பேராசிரியர்களும் மாறி மாறிப் பார்த்தார்கள். வெளியே போனதோ மலை போல எண்ணிக்கை, உள்ளே இருப்பதோ பூஜ்யம். பூஜ்யத்தால் எதையும் வகுக்க முடியாது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டாலும் கணினிக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி என்னை ஓரமாக இழுத்துப் போனார். "ஏம்மா, ஒரு நாப்பது புத்தகத்தையாவது திரும்ப வாங்கி அடுக்குங்க. ஒரு மணி நேரந்தான். அவிய போன உடனே குடுத்துருவோம்."

"முடியாது அண்ணாச்சி."

"என்னது?"

"பூசையில இருந்தப்ப வச்ச கைதான் எடுக்கணும்னு சொன்னீய, நான் கேட்டேன்லா? இப்ப எடுத்த கைதான் திருப்பி வைக்கணும். தவணைக்கு முன்னாடி யாருகிட்டயும் போயி புத்தகத்தப் பிடுங்க மாட்டேன்."

வேலை போகிற காரியம்தான் பேசுகிறேன் என்று தெரிந்தேதான் பேசினேன். அண்ணாச்சி என்னை முறைத்தார். பிறகு தன் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குள் ஏழாம் எண் இருந்தது என்று எனக்குத் தெரியும். அவர்கூட அதைத் திருப்பித் தரத் தயாராக இல்லை.

தொகுப்பு இல்லை என்று எழுதலாமா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். இல்லாத தொகுப்பு எப்படி வெளியே போகும் என்று இன்னொருவர் கேட்டார். பயன்பாடு அளவில்லாதது என்று எழுதலாம், ஆனால் அளவில்லாததற்குக் கட்டம் இல்லை. கடைசியில் டாக்டர் சாவித்ரி, மென்பொருளை உருவாக்கியவர்களிடம் விளக்கம் கேட்டிருப்பதாகவும், வந்ததும் ரிப்போர்ட் முடிக்கப்படும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்னொரு தடவை அருவிக்குப் போய்விட்டார்.

அந்த விளக்கம் இன்னும் வரவில்லை. முதல்வர் அவ்வப்போது கடிதம் போடுகிறார், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வருகிறது. ரிப்போர்ட் வருகிற வரைக்கும் நான் வேலையில் இருக்கலாம் என்பதுதான் எனக்கு இட்ட உத்தரவு. ரிப்போர்ட் வராது. முன்பு புத்தகங்கள் முடியாத பூசையில் இருந்தன, இப்போது நான் முடியாத மதிப்பீட்டில் இருக்கிறேன். எனக்கு ஒன்றும் குறையில்லை.

புத்தகங்கள் தவணைக்குத் திரும்பி வர ஆரம்பித்தன. சந்தனம் உதிர்ந்து, டீக் கறை பட்டு, பஸ் டிக்கெட் அடையாளம் வைத்து வந்தன. தலைமாட்டில் வைத்துப் பார்த்துப் பலிக்காமல் போனவர்கள், வேறு வழியில்லாமல் நாலு பக்கம் படித்திருந்தார்கள். கோழி வளர்ப்பை எடுத்துப் போன பையனுக்கு அரியர் அப்படியே இருக்கிறது, வீட்டில் ஆறு கோழி இருக்கிறது. இந்தத் தடவை புதுப் புத்தகம் வாங்க அண்ணாச்சி தடிமன் பார்க்கவில்லை. பிள்ளைகள் கேட்டதை எழுதித் தரச் சொன்னார். அதீபா எழுதித் தந்ததுதான் நீளம்.

ஏழாம் எண் மட்டும் வரவில்லை. அண்ணாச்சி இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கினார். கடைசி அத்தியாயம்தானே, ஒரு மணி நேரம் ஆகாதே என்று கேட்டேன். "மொதல்லேருந்து படிக்கேன்மா. அப்பா படிச்ச மாதிரியே" என்றார். வாழ்நாளில் அவர் படிக்கிற முதல் புத்தகம் என்று அப்போதுதான் தெரிந்தது. நாளுக்கு ஒரு பக்கம், சில நாள் இரண்டு.

ஒரு திங்கட்கிழமை, ஹாலில் பிள்ளைகள் நிறைந்து உட்கார்ந்திருந்த நேரம், அண்ணாச்சி உள்ளே வந்தார். என் மேசைக்கு வரவில்லை. நேரே பெரியவரின் படத்துக்கு முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தூரத்தில் இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி, தொண்டையைத் தூக்கிச் சொன்னார்.

"யப்பா, கொலை பண்ணினது கம்பவுண்டர்தாம்பா! மச்சினன் இல்ல! நாம அந்த மச்சினனத்தான சந்தேகப்பட்டோம்? அவன் பாவம்ப்பா, ஒண்ணுஞ் செய்யல. கம்பவுண்டர் மருந்துல கலந்துருக்கான்!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. அதீபா பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி! அடுத்தது நானு! இப்படிப் போட்டு ஒடச்சுட்டீயளே!"

அவளுக்கு அடுத்தது நான். எனக்கும் ஆத்திரம்தான். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். எழுந்து சத்தம் போடலாம் என்று வாயைத் திறந்தேன். படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, பதில் வருமா என்று பார்க்கிற பிள்ளை மாதிரி அவர் நின்றிருந்தார். என் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

அவர் வந்து புத்தகத்தை மேசையில் வைத்தார். முதுகில் சந்தனம் இல்லை, விரல் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. மடித்திருந்த மூலையை மட்டும் அவர் நிமிர்த்தவில்லை, நானும் நிமிர்த்தவில்லை.

அதீபா கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"யாருன்னு தெரிஞ்சு போச்சே, இன்னும் எதுக்கு உனக்கு?" என்றேன்.

"எப்படி மாட்டுனான்னு தெரியணும்லா மேடம்."

முத்திரையை எடுத்துத் திண்டில் ஒற்றினேன். மை வற்றியிருந்தது. காலையில்தான் ஊற்றியிருந்தேன். அவளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, மறுபடி ஊற்றினேன்.